ரேடியோ பெட்டிக்கு விசிறிய ஞாயிறு

என் வலது கை ஆள்காட்டி விரலின் நுனியில் ரேகை கொஞ்சம் அழிந்திருக்கிறது. ஆலையில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் இயந்திரம் தினமும் என்னை இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவைதான் உள்ளே விடும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். "இன்னா பண்ணிக்கின கைய? சமையலா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் ஷிஃப்ட் தொடங்கிவிடும்.

உண்மை என்னவென்றால், அது ரேடியோ சுட்ட விரல். நானே பாகம் பாகமாகக் கோத்த ஒரு பெட்டி. கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். அதற்கான தேர்வு எழுதி உரிமமும் வாங்கியிருக்கிறேன். பேசும்போது அதிலிருக்கும் பெரிய டிரான்சிஸ்டர் ஒன்று சூடாகும். எவ்வளவு சூடு என்று பார்க்க என்னிடம் இருந்த ஒரே கருவி இந்த விரல். டிரான்சிஸ்டரை முடுக்கியிருக்கும் அலுமினியத் தகட்டில் விரலை வைத்து எண்ண வேண்டும். மூன்று எண்ணும்வரை தாங்கினால் தொடர்ந்து பேசலாம். இரண்டில் எடுத்தால் பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம். ஒன்றிலேயே எடுத்துவிட்டால் டிரான்சிஸ்டருக்குப் பாலூற்றிவிடலாம். எங்கள் நைனா குத்தகை நிலத்து மோட்டாரை இப்படித்தான் தொட்டுப் பார்ப்பார். அவருக்கு உள்ளங்கை, எனக்கு விரல்.

ஊர் சித்தூருக்குத் தெற்கே, எல்லையை ஒட்டி. வேலை ஸ்ரீ சிட்டியில். தங்குவது இரண்டுக்கும் நடுவில் திருப்பதியில், ஒரு மாடி அறையில். கூட இருப்பவள் திருவள்ளூர்ப் பக்கத்துக்காரி. இங்கே ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ஆலையில் எனக்கு வேலை, சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது. பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த போர்டு. சிவப்பு எரிந்தால் அதைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த போர்டு. ஏன் சிவப்பு எரிந்தது என்று கேட்பது என் வேலையில்லை, அதற்கு வேறு பிரிவு இருக்கிறது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது சிவப்பைப் பார்த்துவிட்டு ஒன்றுக்கும் காரணம் தெரியாமல் பஸ் ஏறி வருவது இருக்கிறதே, அது கண்ணில் தூசி விழுந்த மாதிரி. ஏன் என்று கேட்கிற உரிமையோடு ஒரே ஒரு போர்டாவது வேண்டும் என்றுதான், பாகங்களாக வந்து நாமே கோத்துக்கொள்கிற அந்த ரேடியோ கிட்டை வரவழைத்தேன். கட்டில்மேலேயே உட்கார்ந்து மூன்று வாரத்தில் கோத்து முடித்தேன். "படுக்கற எடத்துல ஈயத்த ஊத்தற. நாளைக்கு என் முதுவுல ஒரு ரேடியோ மொளைக்கும்" என்றாள் தோழி.

எங்கள் பக்கத்து ரேடியோக்காரர்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதை நெட் என்போம். ஒருவர் நடத்துவார், ஊர் ஊராகக் கூப்பிடுவார், ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவரை அழைப்பார். ஒரு மணி நேரம். நடத்துகிறவருக்கு எல்லோரையும்விட நல்ல காது வேண்டும், எல்லோரையும்விட அதிகமாகப் பேசவும் வேண்டும். முறை வைத்து மாறி வரும் பொறுப்பு அது. மே மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்கு விழுந்தது.

அதற்கு முந்தின வாரம் ஊருக்குப் போகும் வழியில் சித்தூரில் இறங்கி, நெட்டின் பெரிய குரல்காரரைப் பார்க்கப் போனேன். குழாய், டேப் விற்கிற கடை அவருடையது. கடைக்குப் பின்னறையில் கம்பெனி செட் ஒன்று, சாமி படத்துக்குப் பக்கத்தில், சாமிக்கு இருக்கிற அதே அளவு மரியாதையோடு வைத்திருந்தார்.

"ரா ரா அம்மாயி. எங்க உன் டிபன் பாக்ஸு?" என்றார். என் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் அது.

"திருப்பதில இருக்குது சார். அடுத்த ஞாயிறு அதுலதான் நடத்தப் போறேன்."

அவர் கையிலிருந்த குழாய் முழங்கையைக் கீழே வைத்தார். "அதுலயா? வேணாம்மா. இங்க வந்து என் சேர்ல உக்காந்துக்கோ, என் செட்டுல நடத்து. கிட்டுல வந்து வணக்கம் சௌக்கியமான்னு கேட்டுட்டுப் போலாம். ஒரு மணி நேரம் நெட்டு? பத்தாவது நிமிஷம் ஆவியாயிடும்."

"ஆவாது சார்."

"ஆயிடுச்சின்னா?"

"ஆயிடுச்சின்னா இனிமே கிட்ட பத்தி வாயே தொறக்கமாட்டேன்."

"பாகுந்தி!" என்று தொடையைத் தட்டினார். "நல்லதாப் போச்சு. நீ பேசினதக் கேட்டுட்டு நாலு பேரு, கிட் வாங்கலாமா சார்னு என்ன கேட்டுக்கினு இருக்காங்க. ஞாயித்துக்கிழமை தாண்டட்டும், சொல்றேன்னு வெச்சிருக்கேன்."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பெட்டி போனால் என் வாய் மட்டும் அடைபடாது. இன்னும் நாலு பேர் கையில் ஈயம் பிடிக்காமலே போவார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒத்திகை ஆரம்பித்தேன். முதல் குறை காதில். என் பெட்டியில் எப்போதும் எண்ணெயில் வடை போட்ட மாதிரி ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். நான் அதை வானத்தின் சத்தம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நெட் நடத்தினால் மெல்லிசான குரல்களையும் பிடிக்க வேண்டுமே. பெட்டி பேட்டரியில்தான் ஓடுகிறது, ஆகவே அறையின் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். வடை சட்டி அடங்கிவிட்டது. அப்படியானால் சத்தம் வானத்திலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். டியூப் லைட் குற்றவாளி இல்லை. போன் சார்ஜர் கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். கடைசியில் பிடிபட்டது சீலிங் ஃபேனின் ரெகுலேட்டர். எந்த எண்ணில் திருப்பி வைத்தாலும் இரைந்தது. சுவிட்ச் போர்டைக் கழற்றக் கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் சட்டம், ஆகவே ஃபேனையே அணைத்தேன்.

அடடா, அந்த நிசப்தம்! அதற்குள்ளிருந்து கொசு பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது. பாகாலாவிலிருந்து, மிகக் குறைந்த சக்தியில் பேசுகிற ஒருவர். ஞாயிறுதோறும் நெட்டுக்கு வருகிறார் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. உற்சாகத்தில் பேசினேன், பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன்.

"மேடம், உங்க குரல் கம்மியாயிக்கினே வருது," என்றார் பாகாலாக்காரர். அப்புறம், "மேடம்? மேடம்?" என்றார்.

ஒரு வாசனை வந்தது. ரேடியோ கட்டுகிறவர்களுக்கு அந்த வாசனை தெரியும். விரலை வைத்தேன், ஒன்றுகூட எண்ணவில்லை. ரேகை போனது அன்றைக்குத்தான்.

கிட்டோடு உபரியாக வந்த ஒரே டிரான்சிஸ்டரை எடுத்துப் பொருத்தினேன். இதுவும் போனால் அடுத்தது பார்சலில் வர ஒரு வாரம் ஆகும். அதனால் காரணம் தெரியாமல் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பெட்டிக்குள் வோல்ட் எல்லாம் சரி. அடுத்தது ஆன்டெனா. மொட்டைமாடிக்குப் போனால், என் கம்பியில் ஆறு கெஜம் ஈரப் புடவை தொங்குகிறது. ஈரப் புடவை தொங்கும் ஆன்டெனா சக்தியை வாங்காமல் பெட்டிக்கே திருப்பியடிக்கும், சூடு ஏறும். கண்டுபிடித்துவிட்டேன் என்று குதிக்காத குறை.

"அம்மா, அது கொடி இல்லம்மா. ரேடியோ கம்பி."

வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கட்டி நடுவுல தொங்குனா கொடிதான? நல்ல வெயில் படுற எடத்துல நீதான கட்டின?"

புடவை இறங்கியது. ஆன்டெனா சரியானது. பெட்டி மட்டும் அதே சூடு: நான்கு நிமிடத்தில் விரல் ஒன்றரை எண்ணியது. மூன்று மாதம் ஒழுங்காகப் பேசின பெட்டி இது. ஒரு பாகமும் மாறவில்லை, ஒரு கம்பியும் மாறவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தோழி டியூட்டி முடிந்து வந்தாள். கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் போனாள்.

"இன்னாடி இது, ரூம்பா தந்தூரி அடுப்பா? ஃபேன் ஏன்டி ஆஃப்ல கீது?"

நான் அவளைப் பார்த்தேன். அப்புறம் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தேன்.

கிட்டைக் கோத்த நாளிலிருந்து அந்தக் கட்டிலின்மேல்தான் பெட்டி இருக்கிறது. கட்டிலுக்கு நேர் மேலே ஃபேன். திருப்பதியில் யார் ஃபேனை அணைப்பார்கள்? மூன்று மாதமாக என் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது வீட்டுக்கார அம்மாவின் சீலிங் ஃபேன். 'என் பெட்டிக்கு விசிறியே தேவையில்லை' என்று நான் நெட்டில் பீற்றிக்கொண்டது வேறு ஞாபகம் வந்தது.

இப்போது கணக்கு இப்படி வந்தது. ஃபேன் ஓடினால் எனக்குக் காது கேட்காது. நின்றால் பெட்டி சாகும்.

அந்த வாரம் முழுக்க ஆலை பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு போனேன். செவ்வாய்க்கிழமை, ஜன்னல் செய்கிற கடையில் அலுமினிய ஜன்னல் சட்டத்தின் துண்டு ஒன்று கேட்டு வாங்கினேன். வரிவரியாக இருந்ததால் சூட்டை நன்றாக வாங்கி வெளியே விடும். அதில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். டிரான்சிஸ்டரின் முதுகில் மின்சாரம் இருக்கும், அதனால் தகட்டுக்கும் அதற்கும் நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா துண்டு ஒன்று வைக்க வேண்டும். ஜன்னல் சட்டத்தில்தான் கெட்டியாக பிரவுன் பெயிண்ட் இருக்கிறதே, அதுவே மைக்கா வேலையைப் பார்க்கும் என்று மைக்காவை எடுத்துவிட்டேன். திருகாணி பெயிண்டைச் சுரண்டியது. டப். நல்லவேளை, போனது ஃபியூஸ்தான். பெயிண்டை முழுக்க உப்புத்தாளால் தேய்த்து, மைக்காவையும் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசையையும் திரும்ப வைத்தேன். விரல் இரண்டு எண்ணியது. முன்னேற்றம்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இது போதாது.

புதன்கிழமை, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய உள்ளங்கை அளவு விசிறி. அதன் மோட்டாரும் ரேடியோவுக்குள் இரைந்தது. தூக்கி மூலையில் போட்டேன். வியாழக்கிழமை, கீழ்வீட்டு டேபிள் ஃபேன். அது இரையவில்லை, ஆனால் காற்று பெட்டி முழுக்க அடித்து, அலைவரிசையைப் பிடித்து வைக்கிற சுருளையும் சேர்த்துக் குளிர வைத்தது. நான் பேசப் பேச என் குரல் பக்கத்து அலைவரிசைக்கு நடந்து போனது. வெள்ளிக்கிழமை தோழி தன் வைத்தியத்தைச் சொன்னாள்.

"ஜொரம்தான? நெத்தில ஈரத்துணி போடு."

"கரண்டு மேல ஈரத்துணியா?"

"சரி, அப்ப நான் விசுறுறேன். உனுக்கு எங்க காத்து வோணுமோ அங்க மட்டும். ஒரு மணி நேரம்தான? நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்து விசுறிட்டு, அப்பறம் தூங்குறேன்."

வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறு காலை ஏழரைக்கு அவள் பொங்கல் பொட்டலத்தோடு வந்தாள். விசிற அட்டை தேடினோம். அவள் தன் துணிப்பெட்டியிலிருந்து ஒரு பெரிய உறையை உருவினாள். போன வருஷம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தபோது எடுத்த முட்டி எக்ஸ்ரே.

"பாத்துக்கோடி, என் முட்டிய வெச்சி உன் பெட்டிக்கு விசுறுறேன். இத விட பாசம் எவ காட்டுவா?"

சரியாக எட்டு மணிக்கு ஃபேனை அணைத்துவிட்டு மைக்கை அழுத்தினேன். பெட்டியைக் கேட்பதிலிருந்து பேசுவதற்கு மாற்றிவிடும் ரிலே 'டிக்' என்றது. முதல் அழைப்புக்கே பதினொரு பேர் பதில் சொன்னார்கள். முதல் குரல் சித்தூர்.

"குட் மார்னிங் அம்மாயி. டிபன் பாக்ஸ் சூடா இருக்குதா?"

"நீங்க வர்ற வரைக்கும் ஆறாம வெச்சிருக்கேன் சார். வரிசையில இருங்க, கூப்பிடுறேன்."

எனக்குப் பின்னால் எக்ஸ்ரே 'தொப் தொப்' என்று அடித்தது. மதனப்பள்ளியைக் கூப்பிட்டேன், வேலூரைக் கூப்பிட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோழி, நாடி பார்க்கிற முகத்தோடு தகட்டில் விரல் வைத்து, மற்றக் கையால் மூன்று விரல் காட்டினாள். வேலூர்க்காரர் தன் மாமியார் வீட்டு மாடியில் ஆன்டெனா கட்டப் போய் ஏணியை யாரோ எடுத்துவிட்ட கதையைச் சொன்னபோது எக்ஸ்ரே நின்றது. விசிறு என்று சைகை காட்டினேன்.

"பொறுடி. அந்தாளு எறங்குனாரா இல்லியான்னு கேக்க உடு."

இறங்கினாரா என்று சொல்லாமலே அவர் முடித்து, நான் பேச ஆரம்பித்ததும், "இவ ஆரம்பிச்சிட்டா" என்று விசிற ஆரம்பித்தாள். நெல்லூர் பேசியபோது மறுபடி நிறுத்தினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று. நிறுத்தி நிறுத்தி விசிறியும் மூன்று! மற்றவர்கள் பேசும்போது பெட்டி சூடாவதே இல்லை. சூடு வருவது நான் பேசும்போது மட்டும்தான். நான் பேசும்போது எனக்குக் காதே தேவையில்லை.

மூலையில் கிடந்த அந்தக் குட்டி விசிறியைப் பார்த்தேன். அது நாள் முழுக்க எதற்கு ஓட வேண்டும்? ரிலேயில், மைக்கை அழுத்தினால் மட்டும் பன்னிரண்டு வோல்ட் வருகிற கம்பி ஒன்று இருக்கிறது. விசிறியை அதில் கோத்தால் நான் பேசும்போது சுற்றும், கேட்கும்போது நின்றுவிடும். வாரம் முழுக்க பஸ்ஸில் யோசித்தவளுக்கு வராதது, கதை கேட்கிற ஆசையில் அவளுக்குத் தானாக வந்துவிட்டது. நெட் முடிந்ததும் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

எட்டு முப்பத்தைந்துக்கு எக்ஸ்ரே சத்தம் நின்றது. நான்தான் அப்போது பேசிக்கொண்டிருந்தேன். திரும்பினால், உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். முட்டி எக்ஸ்ரே முகத்தின்மேல். பத்து மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்தவளை எப்படி எழுப்புவது? நானே கையில் கிடைத்த நோட்டால் விசிறிப் பார்த்தேன். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் பெயர் குறிக்கும் பேனா, மூன்றாவது கை இல்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் விரல் ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. இன்னும் இருபது நிமிடம் பாக்கி. கடைசி டிரான்சிஸ்டர்.

ஆனால் நடத்துகிறவருக்கு ஒரு அதிகாரம் உண்டு: யாரை எப்போது கூப்பிடுவது என்பது.

"சித்தூர் சார், உங்கள ரொம்ப நேரமா காக்க வெச்சிட்டேன். கிட் செட்டுங்க பத்தி உங்க அபிப்பிராயத்த எல்லாருக்கும் வெவரமா சொல்லுங்க. அவசரமே இல்ல சார். ஓவர்."

சித்தூரின் பேச்சு மூன்று நிமிடத்துக்குக் குறைந்ததாக யாரும் கேட்டதில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது, 'ஹீட்' அப்படின்றது இன்னான்னா..." என்று ஆரம்பித்ததும் பெட்டியை அணைத்தேன். அவர் எப்போது நிறுத்துவார் என்று இனி எனக்குத் தெரியாது. அவர் பேச்சின் நீளத்தை நம்பித்தான் அணைத்தேன். சால்டரிங் அயர்ன் சூடாவதற்குள் எனக்கு வயசாகிவிடும்போல் இருந்தது. விசிறியின் சிவப்புக் கம்பி ரிலேக்கு, கறுப்பு பேட்டரியின் மைனஸுக்கு. அவசரத்தில் ஒரு சொட்டு ஈயம் போர்வையில் விழுந்தது. விசிறியை ஜன்னல் சட்டத்துக்கு இரண்டு ரப்பர் பேண்டால் கட்டினேன். தோழியின் முகத்திலிருந்து எக்ஸ்ரேயை மெதுவாக எடுத்து, மடித்து, அடியில் காற்றுப் போக பெட்டிக்குக் கீழே செருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

"...அதனால நான் சொல்றது, அந்தம்மாயி கெட்டிக்காரி, நான் இல்லன்னு சொல்லல. ஆனா இந்நேரம் அந்தப் பெட்டி ஆவியாயிருக்கும். சந்தேகம் இருந்தா கூப்ட்டுப் பாருங்க. அம்மாயி, இருக்கியா? ஓவர்."

மைக்கை அழுத்தினேன். 'டிக்'. 'விர்ர்ர்.'

"இருக்கேன் சார். சிற்றுரைக்கு நன்றி. ரொம்ப உதவியா இருந்துச்சு. அடுத்து யாராவது மெதுவா பேசுறவங்க இருந்தா வாங்க. ஓவர்."

மைக்கை விட்டதும் விசிறி நின்றது. அந்த நிசப்தத்தில் கொசுக் குரல் கேட்டது. "பாகாலா மேடம். இன்னைக்கி நான் கேக்குறேனா?" என்றது.

"கேக்குறீங்க பாகாலா, தெளிவா கேக்குறீங்க," என்றேன். 'விர்ர்.' விரல் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கும் எண்ணிப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு நெட்டை முடித்து வைத்தேன். முடித்த பிறகும் சித்தூர் போகவில்லை.

"அம்மாயி, நீ பேசும்போது பின்னாடி மாவு மில்லு மாதிரி ஒரு சத்தம் வந்துச்சே, அது இன்னா?"

"ஃபேன் சார். பேசும்போது மட்டும் ஓடும்."

"என்னுது நாள் பூரா கத்திக்கினே இருக்குது. பாகாலா எனக்கும்தான் சரியா கேக்கல. ரிலேல எந்தக் கம்பில குடுத்த?" என்றார். அப்புறம், யாரும் கேட்காமலே, "அந்த நாலு பேரையும் உனக்கே போன் பண்ணச் சொல்றேன், போ," என்றார்.

தோழி பத்தரைக்கு எழுந்தாள். கன்னத்தில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முடிஞ்சிச்சா? நான்தான் விசுறுனேன்னு சொன்னியா?"

"சொன்னேன். வேலூர்க்காரரு உனுக்கு தேங்க்ஸ் சொன்னாரு. ஏணி கெடச்சி எறங்கிட்டாராம்."

"அது சரி," என்று கட்டிலைத் துழாவினாள். "என் முட்டி எங்கடி?"